பலகையின் மறுமுனை

சென்ற மாதம் என் தம்பி மகள் கவிதா கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். பல நிற ரிப்பன்களைச் சுருட்டிப் போட்டதுபோல் ஓர் உருவம். விரலால் தள்ளினால் சுழன்றது. அவள் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள்.

"இது ஒரு புரதம் அத்தை. அதோட வரிசைய மட்டும் குடுத்தா போதும், உருவத்த கம்ப்யூட்டரே சொல்லிரும்" என்றாள்.

"அப்ப கிரிஸ்டல் வளக்க வேணாமா?"

"இன்னும் வளக்கிறாங்க, இல்லேன்னு இல்ல. ஆனா சொட்டு விடுறதுக்கெல்லாம் ரோபோ வந்துருச்சு லா."

எனக்குச் சுருக்கென்றது. ரோபோமீது எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. என் பத்து வருட வேலையை அது சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடும் என்றால் நல்லதுதான். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீருக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. அதை எழுதிக் கொடுங்கள், எங்கள் கூடத்துப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கவிதா கேட்டாள். எழுதுகிறேன். பாதியில் வேறெங்கோ போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அறையை நினைத்தால் எனக்கு அப்படித்தான் ஆகும்.

நான் கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, எழுபதுகளின் நடுவில், ஈப்போவில் ஒரு தனியார் ரப்பர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஜெலாப்பாங் தாண்டிச் சுண்ணாம்பு மலையடிவாரத்தில் இருந்தது அது. முதலில் சில காலம் பாலை நிறுத்தேன், காய்ச்சினேன், குடுவை கழுவினேன். கழுவிய குடுவையில் ஒரு சொட்டும் ஒட்டாமல் இருப்பதைப் பார்த்துத்தான் டாக்டர் புவனேஸ்வரி என்னைத் தன் அறைக்குக் கேட்டார் என்று பிறகு தெரிந்தது.

எல்லாரும் அவரை மிஸ் என்போம். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மிஸ் இங்கிலாந்தில் படித்து, அங்கேயே புரதப் படிக வேலையில் இருந்து, அம்மா இறந்தபின் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஈப்போவுக்குத் திரும்பி வந்தவர். முதல் நாள் என்னைப் பார்த்து, "நீர் தானே சுசீலா? இரும்" என்றார். தோட்டத்தில் எங்களை யாரும் 'நீர்' என்று கூப்பிட்டதில்லை. ஏதோ புராணப் படத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வேலை இதுதான். ரப்பர் பாலில் ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. அதன் உருவம் எப்படி என்று யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்க்க முடியாத அளவு சிறியது. ஆனால் கோடிக்கணக்கான புரதங்கள் வரிசையாக அடுக்கி நின்று ஒரு படிகமாகிவிட்டால், அதன் வழியே எக்ஸ்ரே விட்டுப் படம் எடுக்கலாம். ஃபிலிமில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு உருவத்தைக் கண்டுபிடிக்கலாம். எக்ஸ்ரே கருவி எங்களிடம் இல்லை. எங்கள் வேலை படிகத்தை வளர்ப்பது மட்டும்.

சிறு கண்ணாடிச் சில்லில் புரதக் கரைசல் ஒரு சொட்டு. அதில் உப்புக்கரைசல் கொஞ்சம். சில்லைத் தலைகீழாகத் திருப்பி, தட்டில் கெட்டியான உப்புக்கரைசல் இருக்கும் குழியின்மேல் கவிழ்த்து, விளிம்பில் கிரீஸ் தடவி மூடுவோம். சொட்டு கீழே விழாமல் தொங்கும். உள்ளிருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கீழே போகும். சொட்டு சுண்டச் சுண்டப் புரதத்துக்கு இடம் போதாமல் போகும். அப்போது ஒன்றோடொன்று சேர்ந்துதான் ஆகவேண்டும். மெதுவாக நடந்தால் வரிசையில் நிற்கும். அவசரப்பட்டால் பாசார் கூட்டம்போல் இடித்துக்கொண்டு வெறும் கசடாகிவிடும்.

மிஸ் எதையும் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை. கிரீஸ் தடவும்போது மூச்சை விட்டுவிட்டுத்தான் கையை நகர்த்துவார். தட்டை அடிக்கடி திறந்து பார்க்க எனக்குக் கை துறுதுறுக்கும். "விடும் சுசீலா. நாங்கள் பாக்கிறதால அது வளராது" என்பார். கோபப்பட்டால் குரல் இன்னும் இறங்கும். அந்தக் கூடத்தில் மற்ற அதிகாரிகள் கத்துவார்கள், நாங்கள் சிரிப்போம். மிஸ் குரலைத் தாழ்த்தினால் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.

எங்களுக்கு முதல் எதிரி மலை. பின்னால் கல்லுடைக்கும் குவாரி இருந்தது. மதியம் சைரன் ஊதுவார்கள், கொஞ்சம் பொறுத்து வெடி வைப்பார்கள். தரை அதிரும். அந்த ஓர் அதிர்வில் அமைதியாக இருந்த சொட்டு முழுக்கப் பொடிப்பொடியாகப் படிகம் கொட்டிவிடும். ஒன்றாக வளரவேண்டியது ஆயிரம் துகளாகிவிட்டால் எதற்கும் உதவாது. தட்டுகளுக்கு அடியில் ரப்பர் ஷீட்டுகளை அடுக்கிப் பார்த்தோம். சின்ன வெடிக்குத் தாங்கியது, பெரிய வெடிக்குத் தாங்கவில்லை. கடைசியில் மிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். தட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பலகையில் வைத்தோம். சைரன் கேட்டதும் அவர் ஒரு முனையையும் நான் மறுமுனையையும் பிடித்து, பலகையை மேசையிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கி அப்படியே நிற்போம். முழங்கையைத் தளர்த்தி வைக்க வேண்டும். அதிர்ச்சி எங்கள் காலோடும் இடுப்போடும் போய்விடும், பலகைக்கு வராது.

தினமும் அப்படி எதிரெதிரே நின்றோம். அந்த நேரத்தில் நாங்கள் பேசமாட்டோம். வெடி முடிந்ததும் மிஸ் கண்ணால் காட்டுவார், இருவரும் ஒன்றாக இறக்குவோம். கூடத்தில் மற்றவர்கள் இதைப் பார்த்து, "ரெண்டு பேரும் காவடி எடுக்கிறாங்க" என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. அந்த நேரத்துக்காகவே காலையில் பஸ் ஏறிய நாட்கள் உண்டு.

ஒரு நாள் பலகையை இறக்கியபின் மிஸ் தானாகச் சொன்னார். இங்கிலாந்தில் அவரோடு வேலை செய்த நண்பர் ஒருவர் இன்னும் அதே கூடத்தில் இருக்கிறார். நல்ல படிகம் ஒன்று கிடைத்தால் கொண்டு வரச்சொல்கிறார். அது சரியாக இருந்தால் மிஸ்ஸுக்கு அங்கே இடமும் இருக்கிறது. நண்பரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அழுக்கே இல்லாத கண்ணாடி அது.

"அப்பாவும் போகச் சொல்லிப்போட்டார். தைப்பிங்கில என்ர தம்பியோட இருப்பாராம்" என்றார்.

"அப்ப போலாம்தானே மிஸ்?"

"வெறுங்கையோட போய் என்ன செய்யிறது? படிகம் இல்லாமல் போக ஏலாது."

முன்பு ஒருமுறை சின்னப் படிகங்களைத் தபாலில் அனுப்பினோம். காய்ந்து செத்துப்போய்ச் சேர்ந்தன. ஆகவே கையில்தான் கொண்டுபோக வேண்டும், அவர்தான் கொண்டுபோக வேண்டும். எனக்குக் கணக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. நல்ல படிகம் வளர்ந்தால் மிஸ் போய்விடுவார். வளர்ப்பது என் வேலை.

அதன்பின் நீண்ட காலம் ஒன்றும் வளரவில்லை. ஒரு வாரம் நம்பிக்கை தரும், அடுத்த இரண்டு வாரம் சொட்டில் சளிபோல் வெறும் கோழை. அதே புரதம், அதே உப்பு, அதே கை. அறையைக் குளிர்விக்கும் ஏர்கோனைக் குறை சொன்னோம், கிரீஸைக் குறை சொன்னோம், குவாரிக்காரனைத் தினமும் திட்டினோம். மிஸ் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றுக்குமேல் மாற்ற விடமாட்டார். இரண்டை மாற்றிவிட்டு வெற்றி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும் என்பார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். சொட்டின் நடுவில் கண்ணாடிபோல் ஒரு படிகம், பக்கத்துச் சொட்டுகளிலும் படிகங்கள். விளிம்பெல்லாம் கத்தியால் சீவியதுபோல் இருந்தது. அவ்வளவு பெரிதாக நாங்கள் கண்டதே இல்லை. மிஸ்ஸைக் கூப்பிட்டேன். பார்த்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. "வடிவா இருக்குது" என்றார். வடிவு என்றால் அவர்கள் பேச்சில் அழகு. செய்தி பரவி ஆளாளுக்கு வந்து எட்டிப்பார்த்தார்கள். பால் கொண்டுவரும் டிரைவர் முனியாண்டி அண்ணன் கச்சான் பூத்தே வாங்கி வந்தார். வறுத்த பட்டாணியும் கடலையும் அறைக்கு வெளியே வைத்துத் தின்றோம். நான் என் பங்கை முனியாண்டி அண்ணன் பக்கமே தள்ளிவிட்டேன்.

படிகம் புரதமா, வெறும் உப்பா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. புரதப் படிகத்தில் பாதி தண்ணீர். ஊசி முனையால் தொட்டால் கட்டித்தயிர்போல் உடைந்துவிடும். உப்பு உடையாது, எதிர்க்கும். எந்தச் சின்னப் படிகம் வந்தாலும் மிஸ் முதலில் ஊசியைத்தான் எடுப்பார். அன்றைக்கு எடுக்கவில்லை. மதியமும் எடுக்கவில்லை. பயண ஏஜென்டுக்குப் போன் செய்யப் போனவர், போகும் வழியில் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சுசீலா, ஊசியைத் தாரும்."

நான் கொடுத்தேன். சொட்டைத் திருப்பினார். ஊசி முனை படிகத்தைத் தொட்டது. படிகம் நகர்ந்தது, உடையவில்லை. அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். சத்தம் கேட்டதா, அவர் கையில் உணர்ந்ததை நான் அவர் முகத்தில் பார்த்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"உப்பு" என்றார் மிஸ்.

எனக்கு அழுகை வந்தது. அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் வந்தது. மிஸ் போகவில்லை. அந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு கச்சான் தோலைக் கூட்டிப் பெருக்கினேன்.

மறுநாள் மிஸ் அதே படிகத்தை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். சவப்பெட்டி மூடிமாதிரி ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய உருவம். "இதை நான் படிக்கேக்க கண்டிருக்கிறன்" என்றார். "மக்னீசியம் வேணும், பொஸ்பேட் வேணும், அமோனியா வேணும். மூண்டும் சேர்ந்தால்தான் இது வரும். மக்னீசியம் பாலில இருக்கு. பொஸ்பேட் எங்கட கரைசலில இருக்கு. அமோனியா எங்கேயிருந்து வந்தது?"

எங்கள் அறையில் அமோனியா பாட்டிலே கிடையாது. பாலில் அமோனியா பட்டால் எங்களுக்கு வேண்டிய புரதம் ஒளிந்திருக்கும் நுண்ணிய பைகள் வெடித்து எல்லாம் கலந்துவிடும். அதனால்தான் தோட்டத்தில் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தோம், பாலில் எதுவும் சேர்க்கக்கூடாது என்று. மிஸ் கேட்ட கேள்வி வாசலில் நின்ற முனியாண்டி அண்ணன் காதில் விழுந்தது.

"அமோனியாவா மிஸ்? தோட்டத்துல அது இல்லாத வாளி ஏது?" என்றார்.

எங்களுக்குப் பால் வருவது நான் பிறந்த தோட்டத்திலிருந்துதான்; அன்றைக்கே வேனில் கிளம்பினோம். எங்களுக்கென்று ஒதுக்கிய மரங்களை வெட்டியவர் அஞ்சலை அக்கா. எங்கள் லயத்திலேயே, அதே வரிசை வீடுகளில், இருந்தவர், அம்மாவின் தோழி. மிஸ்ஸைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, பாலுல ஏதாச்சும் சேத்தீங்களா?" என்று நான் கேட்டேன்.

"ஐயோ இல்லடி. நீ சொன்னப்பறம் நான் எதுக்குச் சேக்குறேன்? ஒண்ணும் சேக்கல. அமோனியா மட்டுந்தான் விட்டேன்."

முனியாண்டி அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அவருக்கு அது சேர்ப்பதில் சேர்த்தியே இல்லை. பால் வடியும் மங்கு என்கிற கோப்பையைத் துடைப்பதுபோல, கத்தியைத் தீட்டுவதுபோல, வேலையில் ஒரு பகுதி.

"எப்ப விடுவீங்க?" என்று மிஸ் கேட்டார்.

"வேன் நேரத்துக்கு வந்துச்சுன்னா விடமாட்டேன் மிஸ். லேட்டாச்சுன்னா பாலு உறையாம இருக்க ரெண்டு சொட்டு. பாலு கட்டிப் போச்சுன்னா கணக்கு எழுதுற கிராணி நாலு பேரு முன்னால ஏசுவாரு. கெட்டுப்போன பாலை உங்களுக்கு எப்படிக் குடுக்கிறது? அதான் லா."

வேன் தாமதமான நாட்களெல்லாம் எங்கள் கோழை நாட்கள். ஏர்கோனும் இல்லை, கிரீஸும் இல்லை. பாவம் குவாரிக்காரனும் இல்லை. அக்காவின் அக்கறைதான். நானும் பழுப்பு அமோனியா பாட்டில் மணத்தில் வளர்ந்தவள், எனக்கும் தோன்றவில்லை. மூக்கின்மேலேயே இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மிஸ் குரலைத் தாழ்த்துவார் என்று பயந்தேன். அவர் அக்காவின் பக்கத்தில், மரத்தடியில் உட்கார்ந்தார். "அக்கா, கெட்டுப் போனாலும் பரவாயில்லை. உங்களை ஒருத்தரும் ஏசமாட்டினம். நான் ஐஸ் அனுப்புறன். அந்த மங்குகளை ஐஸில வையுங்கோ, அது போதும்" என்றார்.

"மரத்துக்கு என்ன மிஸ், ஜுரமா?" என்றார் அக்கா. மிஸ் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்குப்பின் முனியாண்டி அண்ணன் ஐஸ் பெட்டியோடு விடியுமுன்னே போய் மரத்தடியில் காத்திருந்தார். கோழை நின்றது. மழைக்காலம் முடியும் நேரம் ஒரு காலையில் நான் தட்டைப் பார்த்தேன். ஒரு சொட்டில் ஒரே ஒரு படிகம். முந்தைய உப்பைப்போல் மினுக்கவில்லை. மங்கலாக, அடக்கமாக இருந்தது. பக்கத்துச் சொட்டில் அதன் தங்கைமாதிரி சின்னதாக ஒன்று.

மிஸ் இன்னும் வரவில்லை. அறையில் நான் மட்டும். கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எது என்று எனக்கு ஊசி இல்லாமலே தெரிந்தது. அவ்வளவு ஆசையாக எதையும் நான் வளர்த்ததில்லை. அது அங்கே இல்லாமல் இருந்திருக்கக்கூடாதா என்றும் நினைத்தேன். மிஸ்ஸின் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து இடம் விட்டேன்.

அவர் சின்னதை ஊசியால் தொட்டார். சத்தமே இல்லாமல் உடைந்தது.

பெரியதைக் குழாயில் ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார். எனக்குத் தன் நாற்காலியை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெல்லிய கண்ணாடிக் குழாய், சுவர் அவ்வளவு மெலிசு, பலமாக மூச்சு விட்டாலே நொறுங்கும். படிகத்தை அது வளர்ந்த நீரோடு சேர்த்து உறிஞ்ச வேண்டும். வேறு நீர் பட்டால் வெடிக்கும். பிறகு காகித நூலால் சுற்றியுள்ள நீரை ஒற்றி எடுக்க வேண்டும். முழுக்க எடுத்தால் காய்ந்துவிடும், அதிகம் விட்டால் வழுக்கிக்கொண்டே இருக்கும். சற்றுத் தள்ளி அதே நீரில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு முனையையும் மெழுகால் அடைக்க வேண்டும். அந்தச் சொட்டுதான் வழிநெடுக அதற்கு ஈரம். மெழுகு சூடு படிகத்தை எட்டக்கூடாது. நான் மூச்சை விட்டுவிட்டுக் கையை நகர்த்தினேன். அடைத்து முடிக்கும்போது சைரன் ஊதியது.

மேசையில் பலகை இருந்தது, அதில் தட்டுகள் இருந்தன. மிஸ் எழுந்து தன் முனைக்குப் போனார். நான் குழாயைப் பஞ்சுப்பெட்டியில் வைத்து, பெட்டியைப் பலகையின் நடுவில் வைத்து, என் முனைக்குப் போனேன். தூக்கினோம். வெடித்தது. அன்றைக்கு மிஸ் கண்ணால் காட்டவே இல்லை. வெடி அடங்கியபின்னும் இருவரும் அப்படியே நின்றோம்.

"நீர் ஒருக்காலும் ஒண்டும் கேக்கிறதில்லை, சுசீலா" என்றார்.

"என்னத்த கேக்கிறது மிஸ். நல்லபடியா போயிட்டு வாங்க."

ஈப்போ ரயில் நிலையத்தில் வழியனுப்பினேன். பெட்டியை ஒரு ஃபிளாஸ்கில் பஞ்சு வைத்து மடியில் வைத்திருந்தார். அவர் அப்பாவும் வந்திருந்தார். பழைய பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்து ரயில் தாமதம் என்று குறைபட்டுக்கொண்டார். எனக்கு அது இன்னும் தாமதமாகட்டும் என்றிருந்தது.

சில வாரம் கழித்து ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு படம், கறுப்புப் புள்ளிகள் வட்டம் வட்டமாக, ஓரம்வரை. பின்பக்கம் மிஸ்ஸின் கையெழுத்து: 'வடிவா வந்திருக்கு. இது நீர் வளர்த்தது.' மிஸ் திரும்பி வரவில்லை. சில ஆண்டுகள் பொங்கலுக்கு வாழ்த்து வந்தது, பிறகு அதுவும் நின்றது. எங்கள் அறையை ஸ்டோர் ஆக்கினார்கள். எண்பதுகளில் கையுறைத் தொழிற்சாலைகள் பெருகின. நான் கையுறையில் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்க்கும் பிரிவுக்குப் போய், அங்கேயே ஓய்வு பெற்றேன். நல்ல வேலைதான். ஓட்டை இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

அந்தப் படம் ஈப்போவின் சிலிபின் பகுதியில் என் வீட்டில் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கவிதா பார்த்துவிட்டு நல்ல டேட்டா என்றாள். அந்தப் புரதத்தைக் கைப்பேசியில் தேடிக் காட்டவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

போன வாரம் ஜெலாப்பாங்கில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீர்த் தட்டை எடுத்து வரும்போது தூரத்தில் சைரன் ஊதியது. குவாரி இன்னும் ஓடுகிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். தட்டு கையில், முழங்கை தானாகத் தளர்ந்துகொண்டது. தம்பி மனைவி பதறி ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"என்னக்கா, தலை சுத்துதா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் அப்படியே பிடி. சத்தம் போகட்டும்."

வெடித்தது, கோப்பைகள் லேசாகக் கலகலத்தன. அவள் மிகவும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மிஸ் இறுக்கிப் பிடிக்கவே மாட்டார்.